வீடு என்னுடையது, கொப்பி அவருடையது
(பனிச்சங்கேணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'எழுத்தாளர் ஒருவரின் துணைவியார் உரையாற்றுவார்' என்று போட்டிருக்கிறார்கள். அதை முதலில் திருத்திவிடுகிறேன். என் கணவர் பெயரில் ஒரு புத்தகமும் கிடையாது. நாலைந்து கவிதை பத்திரிகையில் வந்தது. ஒரு நாடகம் பள்ளிக்கூட மேடையில் இரண்டு முறை ஏறியது. மற்றதெல்லாம் கொப்பிதான். பதினொரு கொப்பி. நான் முப்பத்திரண்டு வருடம் பாலர் வகுப்புப் படிப்பித்தவள். என்னிடம் இலக்கிய விமர்சனம் எதிர்பார்க்க வேண்டாம். எழுதுகிற ஒருவர் வீட்டுக்குள் இருந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதும், அவர் போன பிறகு அந்தத் தாள்களுக்கு என்ன நடக்கும் என்பதும்தான் எனக்குத் தெரிந்த பாடம்.

நம்முடைய ஊர்ப் பேரிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. பனிச்சை, கேணி. இங்கே இருக்கிற சின்னப் பிள்ளைகளில் எத்தனை பேர் பனிச்சை மரத்தைப் பார்த்திருப்பீர்களோ தெரியாது. நைலோன் வருவதற்கு முந்தி, நூல்வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றுவார்கள். காயை இடித்து ஊறவைத்து, அந்தத் துவர்ச் சாற்றில் வலையைத் தோய்த்துக் காயப்போட்டால் உப்புத் தண்ணீர் நூலைச் சீக்கிரம் தின்னாது. கிழக்கே கடல், மேற்கே களப்பு, இரண்டுக்கும் நடுவில் வலையைக் காப்பாற்ற ஒரு மரம் இருந்தது. கடதாசிக்கு அப்படி ஒரு சாறு ஏற்றி நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தார் இதைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பார்கள். இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வளவும் வீடும் மகளுக்கு எழுதப்படும். ஆகவே என் கணவர் 1976 இல் என் அம்மாவின் வீட்டுக்கு ஒரு சூட்கேசும் ஒரு பேனையும் கொண்டு வந்தார். மை ஊற்றுகிற பேனை. குமிழ்முனைப் பேனை கடைக்கு வந்து பல காலமாகியும் அதைத் தொடமாட்டார். 'அதுல எழுதினா எழுத்து வழுக்குது' என்பார். அந்தப் பிடிவாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அம்மாவுக்கு அவர் பெரிய புதிராக இருந்தார். வலைக்குப் போகிற ஆம்பிளையைத் தெரியும், வயலுக்குப் போகிற ஆம்பிளையைத் தெரியும். விடியப்புறம் எழும்பி மேசையில் குந்திக்கொண்டு சுவரைப் பார்க்கிற ஆம்பிளையைத் தெரியாது. 'மருமகன் வேலை செய்யிறாரா, சும்மா இருக்கிறாரா?' என்று என்னிடம் குசினிக்குள் வந்து காதுக்குள் கேட்பா. எனக்கும் தெரியாது. அந்த நேரத்தில் தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார், ஆனால் யார் கொடுத்தது என்று தெரியாது. ஒருநாள் வேண்டுமென்றே உப்புப் போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, 'நல்லாருக்குகா' என்றார்.

சிரிக்கிறீர்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு அழுதேன்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் பாரதியாரின் மனைவி செல்லம்மாளைத்தான் நினைப்பார்கள், கடன் வாங்கிய அரிசியைப் பாரதியார் சிட்டுக்குருவிக்கு இறைத்ததையும். அந்தச் சம்பவத்தை எத்தனையோ மேடையில் கவிஞரின் கருணைக்கு உதாரணமாகக் கேட்டிருக்கிறேன். அரிசியைக் கடன் கேட்கப் போன படலை எது, அங்கே என்ன பேச்சு கிடைத்தது என்று ஒரு பேச்சாளரும் சொன்னதில்லை. 1897 இல், ஏழு வயதில், கலியாணம் முடித்து வைக்கப்பட்ட பெண் அவர். புதுச்சேரியில் பத்து வருட வறுமையைப் பார்த்தவர். 1951 இல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று பேசியபோது அவருடைய பக்கத்தை அவர் குரலிலேயே தமிழ்நாடு கொஞ்சம் கேட்டது. கணவர் இறந்து அதற்குள் முப்பது வருடம் போய்விட்டது.

ஆனால் செல்லம்மாளைப் பற்றி எனக்கு முக்கியமாகப் படுவது குருவியும் அரிசியும் அல்ல. பாரதியார் 1921 செப்டெம்பரில் திருவல்லிக்கேணியில் இறந்தார். அடுத்த வருடமே, 1922 இல், செல்லம்மாள் 'பாரதி ஆச்சிரமம்' என்று ஒரு பதிப்பகம் தொடங்கி சுதேச கீதங்களை இரண்டு பாகமாக வெளியிட்டார். கணவன் இறந்த பிராமணப் பெண், அந்தக் காலத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் வைத்திருந்த சட்டம் உங்களுக்குத் தெரியும். அந்த நிலையில் இருந்துகொண்டு அச்சகக்காரனிடம் கணக்குப் பேசியிருக்கிறார், பொதுமக்களிடம் ஆதரவு கேட்டிருக்கிறார். அந்த முயற்சி தொடர்ந்து நிற்கவில்லை. உரிமை கைமாறிக் கைமாறிக் கடைசியில் 1949 இல் சென்னை அரசாங்கம் அதை வாங்கியபோது செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்மாருக்கும் ஆளுக்கு ஐயாயிரம் ரூபா கொடுத்தார்கள். அரிசிக் கதையைச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சொன்னால் நல்லது.

ருஷியாவில் ஒரு பெண் இதைவிடக் கெட்டித்தனமாகச் செய்திருக்கிறா. அன்னா என்ற சுருக்கெழுத்துக்காரி. 1866 ஒக்டோபரில் தஸ்தயேவ்ஸ்கி ஒரு நாவலை இருபத்தாறு நாளில் அவவுக்குச் சொல்லிச் சொல்லி எழுதி முடித்தார். தவணை தவறியிருந்தால் அவருடைய எழுத்தெல்லாம் பதிப்பாளன் கைக்குப் போயிருக்கும். அடுத்த வருடம் அவரையே கலியாணம் முடித்தா. சூதாட்டக் கடனிலும் வலிப்பு நோயிலும் கிடந்த மனிதன். 1873 இலிருந்து கணவனின் நாவல்களைத் தானே அச்சடித்து, வீட்டிலிருந்தபடியே புத்தகக் கடைக்காரருக்கு விற்றா. காசை முன்னால் வைத்தால்தான் புத்தகம். இந்தக் கதையை வாசித்தபோது என் அம்மா ஞாபகம் வந்தது. அம்மாவும் இறால் விற்பது அப்படித்தான்.

நம்முடைய பக்கத்துக்கு வருவோம். நீலாவணன் என்ற பெயர் இங்கே பெரியவர்களுக்குத் தெரியும். பெரியநீலாவணைக்காரர், ஆசிரியர், இயற்பெயர் சின்னத்துரை. 'பாடும்மீன்' என்று சஞ்சிகை நடத்தியவர். 1975 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு நாற்பத்துமூன்று வயது. உயிரோடு இருக்கும்போது அவருடைய ஒரு கவிதைத் தொகுதிகூட வெளிவரவில்லை. 'வழி' 1976 இல் வந்தது. 'வேளாண்மை' என்ற காவியம், மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் முயற்சியில், 1982 இல் வந்தது. 'ஒத்திகை' 2001 இல், மகன் எழில்வேந்தன் முன்னின்று கொண்டுவந்தது.

இந்த ஆண்டுகளுக்கு இடையில் என்ன நடந்தது என்று ஒரு மட்டக்களப்பார் யோசித்துப் பார்க்க வேண்டும். 1978 நவம்பர் 23 அன்று சூறாவளி. தென்னையெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்தது, ஓடு பறந்தது, பள்ளிக்கூட இடாப்புப் புத்தகங்களைக்கூட ஒரு கிழமை வெயிலில் காயப்போட்டோம். 1983 கலவரம். 1990 யுத்தம். ஒவ்வொரு தடவையும் வீட்டைவிட்டு ஓடியவர்கள், திரும்பி வந்தவர்கள், திரும்பி வராதவர்கள். இதற்குள்ளே இறந்துபோன ஒரு கவிஞருடைய கவிதைகள் இருபத்தாறு வருடம் கழித்தும் புத்தகமாகின்றன. பலதும் ஏற்கெனவே பத்திரிகையில் வந்தவைதான், சரி. அந்தப் பத்திரிகையை வெட்டி யார் வைத்தது? எந்தப் பெட்டியில்? கறையான் வந்ததா என்று மாதம் ஒருமுறை திறந்து பார்த்தது யார்? நூலாய்வு எழுதுகிறவர்கள் யாப்பைப் பற்றி எழுதுகிறார்கள். பெட்டியைப் பற்றி எழுதுவதில்லை.

எழுத்துக்கு வீட்டில் மரியாதை இல்லாத ஊர் இல்லை இது. கண்ணகி வழக்குரை ஏட்டை எங்கள் பகுதிக் கோயில்காரர் எப்படி வைத்திருந்தார்கள் என்று யோசியுங்கள். துணியில் சுற்றி, வைகாசிச் சடங்கு வரும்போதுதான் எடுத்து, படித்து, மறுபடி சுற்றி வைப்பார்கள். பழசாகினால் வேறு ஏட்டில் பெயர்த்து எழுதுவார்கள். அப்படிப் பாதுகாத்தபடியால்தான் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968 இல் அதைப் பதிப்பிக்கக் கையில் ஏடு இருந்தது. அம்மன் ஏடு என்றால் கைகழுவிவிட்டுத் தொடுவார்கள். மருமகனுடைய கொப்பி என்றால் அதில் ஒற்றையைக் கிழித்து அம்மா கச்சான் சுருட்டுவா. நான் அம்மாவைக் குறை சொல்லவில்லை. எது ஏடு, எது ஒற்றை என்று அவவுக்கு யார் சொன்னது?

எழுதுகிறவள் பெண்ணானால் இந்தக் கதை தலைகீழாகும். அதையும் சொல்ல வேண்டும். வை. மு. கோதைநாயகி எழுதத் தொடங்கும்போது அவருக்குச் சரளமாக எழுதவராது. வாயால் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். பிறகு நூற்றுப் பதினைந்து நாவல். கணவர் கூடநின்றார் என்பதால் அது நடந்தது. இன்னொரு பக்கம் துவரங்குறிச்சி சல்மா. கவிதை எழுதுவதற்கு வீட்டில் ஓர் இடம் கிடையாமல், இரவில் குளியலறைக்குள் நின்று எழுதியவர். அந்தத் தாள்களை இரகசியமாக வெளியே சேர்த்தது அவருடைய தாய். ஆண் எழுதும்போது வீடு சத்தம்போடாமல் நடக்கிறது. பெண் எழுதும்போது எழுத்து சத்தம்போடாமல் நடக்க வேண்டியிருக்கிறது.

என் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி மண்ணெண்ணெய்க்காக. தொண்ணூறுகளில் இந்தப் பக்கத்துக்கு என்ன வரலாம், எத்தனை போத்தல் வரலாம் என்று கணக்கு இருந்த காலம். பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்துவிட்டுப் படுத்த பிறகு மிச்சம் இருக்கிற வெளிச்சம் யாருக்கு? எனக்குப் பாடக்குறிப்பு எழுத வேண்டும். அவருக்குக் கவிதை. நான் ஆத்திரத்தில் ஒருநாள், 'உங்கட கவிதையால விளக்கு எரியுமா?' என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கூட நாடகத்தில், ஒரு மூதேவிப் பெண்சாதி பாத்திரம் மேடையில் வந்து அதே வசனத்தைச் சொன்னாள். ஊரே கைதட்டியது. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். பக்கத்தில் இருந்த மச்சாள் என் முகத்தைப் பார்க்காமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தா. அவவுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். 'நல்ல வசனம், விடுறதா?' என்றார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் சண்டைபோடும்போதும் ஒரு கண் அவருடைய பேனையில் இருக்கும். எழுதுகிறவரோடு குடியிருப்பதில் பெரிய கரைச்சல் வறுமையல்ல என்பேன். நாம் வாய்தவறிச் சொன்னது எங்கேயோ சேமிப்பில் இருக்கிறது என்பதுதான். தோல்ஸ்தோயும் மனைவி சோபியாவும் ஒருவர் டயரியை ஒருவர் வாசித்து வாசித்தே சண்டைபிடித்தார்கள் என்கிறார்கள். 'போரும் அமைதியும்' பிரதியைக் கையால் திரும்பத் திரும்பப் படியெடுத்தவ அவதான். எண்பத்திரண்டு வயதில் அந்த மனிதர் வீட்டைவிட்டு இரவோடு இரவாகப் போனார். எங்கள் ஊரென்றால் போகவேண்டியதில்லை, வீடு பெண்ணுடையது, நாங்களே அனுப்பிவிடுவோம்.

ஆனால் இந்தச் சின்னச் சண்டைகளை நான் சொல்லிச் சிரிக்கக் கூடியதாக இருப்பதே ஒரு கொடுப்பினை. மட்டக்களப்பில் எழுதுகிற ஆள் வீட்டுக்கு நேரத்துக்கு வரவில்லையென்றால் வேறு அர்த்தம் இருந்த வருடங்கள் உண்டு. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 காலையில் வேலைக்குப் போகிற வழியில் சுடப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்த, தராக்கி என்ற பெயரில் எழுதிய சிவராம் 2005 ஏப்பிரலில் கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் உடலாகக் கிடந்தார். அந்த வீடுகளில் எழுத்து என்ற சொல்லுக்கு என்ன பொருள் வந்திருக்கும் என்று நான் இந்த மேடையில் நின்று பேசக் கூடாது. சிறிய கவிதை எழுதுகிறவர் வீட்டிலும் பயம் இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம். ஒரு தாளில் நாலு வரி இருந்தால், அது யாரைப் பற்றியது என்று கேட்பதற்கு எல்லாப் பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். ஆகவே வீடுகள் தாங்களே எரித்தன. நானும் எரித்திருக்கிறேன். ஒரு கொப்பி, அடுப்பில், அவர் சொல்லித்தான். பன்னிரண்டாவதாக இருந்திருக்க வேண்டியது அது.

கவிஞர் சிவரமணியை நினைத்துக்கொள்வேன். 1991 இல் யாழ்ப்பாணத்தில் அந்தப் பிள்ளை தன் கவிதைகளைத் தானே எரித்துவிட்டுத்தான் உயிரை விட்டது. நண்பர்களிடம் இருந்ததும் அச்சில் வந்ததும் மட்டும்தான் மிச்சம். அதைத் தொகுத்துப் புத்தகமாக்கியவர் நம் மட்டக்களப்பில் வாழ்கிற சித்திரலேகா மௌனகுரு. எழுதியவள் வேண்டாம் என்று எரித்ததை மற்றவர்கள் காப்பாற்றுவது சரியா? நான் பலநாள் யோசித்திருக்கிறேன். சரி என்றுதான் படுகிறது, ஆனால் அப்படிச் சொல்லும்போது என் குரல் முழுசாக வருவதில்லை. எங்கள் வீட்டு அடுப்பில் போனதை யாராவது ஒளித்துவைத்திருந்தால் நான் அவரைக் கும்பிட்டிருப்பேன், என் கணவருக்குக் கோபம் வந்திருந்தாலும்.

அவர் 2003 இல் காய்ச்சலில் போனார். அதற்குப் பிறகு கொப்பி என் பொறுப்பு. இதுவரை மற்றவர்களைப் பற்றிப் பேசினேன், இப்போது என் கணக்கைச் சொல்கிறேன்.

2004 டிசெம்பர் 26. கடல் வந்து களப்போடு சேர்ந்ததை இங்கே இருக்கிறவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. கொப்பிகளை வைத்திருந்த றங்குப்பெட்டி பரணில் இருந்தபடியால் தப்பியது. ஈரம் மட்டும் ஏறியிருந்தது. இழந்தவர்களின் வீட்டுக்குப் போய்வந்துவிட்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பாயில் ஒற்றை ஒற்றையாகக் காயவைத்தேன். வெட்கமாக இருந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரில் ஒருத்தி கடதாசி காயவைக்கிறாள்.

2006 கடைசியில் ஷெல் விழத் தொடங்கியபோது வாகரைப் பக்கம் முழுவதும் அசைந்தது. நான் எடுத்தது: அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி, இரண்டு படி அரிசி, அம்மா. அம்மாவை எடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும், நடக்கமாட்டா. கொப்பியை எடுக்கவில்லை. பாரம் ஒரு காரணம். வழியில் எத்தனை இடத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள் என்பது இன்னொரு காரணம். பதினொரு கொப்பியையும் யூரியாப் பையில் போட்டு, அதற்கு மேல் இன்னொரு பை போட்டு, வாய் கட்டி, கிணற்றடிக்கு அங்கால் தோண்டித் தாட்டேன். கெட்டித்தனம் என்று நினைத்தேன். மாரி காலம், களப்படி மணல், இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறுகிற நிலம். பாலர் வகுப்பில் நான் நிலத்தடி நீர் பற்றிப் படம் கீறிப் படிப்பித்திருக்கிறேன். அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.

அடுத்த வருடம் மீள்குடியேற்றத்தில் வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. முதலில் கிணற்றடிக்குத்தான் போனேன். பை இருந்தது. உள்ளே தண்ணீர் போயிருந்தது. கொப்பிகள் ஒட்டிக் கட்டியாகிவிட்டன. ஒற்றை ஒற்றையாகப் பிரித்துப் பார்த்தேன். நீலத் தண்ணீர். மை ஊற்றுகிற பேனையால் எழுதிய எல்லாம், முப்பது வருடக் கவிதை, தாளில் ஒரு வெளிறின நீலமாக ஊறி நின்றது. எழுத்து இல்லை.

கடைசிக் கொப்பியின் பின்பக்கத்தில் மட்டும் எழுத்து இருந்தது. அது என்னுடையது. கொப்பி விலை ஏறினபோது வீட்டுக் கணக்கைப் பின்னாலிருந்து எழுதிவந்தேன். பாலர் வகுப்பு ரீச்சர் கையில் பென்சில்தான் இருக்கும். பென்சில் எழுத்தைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. சீனி எத்தனை, நூல் எத்தனை, அம்மாவின் மருந்துக்கு எத்தனை, ஆரிடம் எவ்வளவு வாங்கினது, எல்லாம் நேற்று எழுதின மாதிரி இருந்தது.

இந்த அறக்கட்டளைக்காரர் என்னிடம் கேட்டார்கள், அவருடைய கையெழுத்து ஏதாவது இருந்தால் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு இந்த மண்டபத்தில் மாட்டலாம் என்று. ஒரு இடத்தில் இருக்கிறது. நான் வீட்டில் இல்லாத ஒருநாள், என் பென்சிலை எடுத்து, என் கணக்குக்குக் கீழே அவர் எழுதியிருக்கிறார்: 'மண்ணெண்ணெய் ஒரு போத்தல், கடன்.' அதைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். கடன் கொடுத்துத் தீர்ந்துவிட்டது.